அத்தியாயம் 6: இருவருக்கும் தெரிந்த ஒரே கணக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு லோடு மிளகு கை மாறினால் எடை, ஈரப்பதம், லிட்டர் எடை, விலை, பணம் வரவேண்டிய தேதி எல்லாம் சீட்டில் ஏறிவிடும். பக்கத்து ஜூ டவுனில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகமே நடந்தது. கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தமிழர் என்று பல சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த பண்டகசாலைகளில் தொழில் செய்த ஊர் இது. ஒருவரையொருவர் நம்பினார்கள், நம்பியதை எழுதியும் வைத்தார்கள். கணக்கைக் காட்டச் சொன்னதற்காக இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வீட்டுக்குள் நிலைமை வேறு. கணவர் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி போடும் சீட்டு கணவருக்குத் தெரியாது. யாராவது ஒருவர் கேட்டால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்ற பதில் உடனே வருகிறது. கடைத்தெருவில் நம்பிக்கைக்குக் காவலாக இருக்கும் கணக்கு, வீட்டில் அவநம்பிக்கையின் அடையாளம் ஆகிவிடுகிறது. பணத்தைப் பற்றிய ஆரோக்கியமான மனநிலை இந்த ஓர் எண்ணத்தை மாற்றுவதில்தான் தொடங்குகிறது.

இந்த அத்தியாயத்துக்குத் தேவையானவை: 100 பக்க நோட்டு ஒன்று, இருவரின் பாஸ்புக், மாதத்தில் ஒரு மணி நேரம்.

89 பவுன் சொல்லும் பாடம்

கேரளத்தில் 2003இல் நடந்த ஒரு திருமணம். மணமகளுக்குப் பிறந்த வீட்டார் 89 பவுன் நகை போட்டார்கள். திருமணம் நடந்த அன்றிரவே, பத்திரமாக இருக்கட்டும் என்று கணவர் நகைகளை வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், பின்னர் அவை அந்தக் குடும்பத்தின் பழைய கடன்களுக்குப் போய்விட்டன என்பது மனைவியின் புகார். 2011இல் குடும்ப நீதிமன்றம் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், கணவர் தரப்பு நகையை எடுத்துக்கொண்டது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அந்த நிவாரணத்தை நீக்கியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் மனைவியின் பக்கம் நின்று, 25 லட்சம் ரூபாய் தரும்படி கணவருக்கு உத்தரவிட்டது.

இப்படிப் பெண்ணுக்குத் தரப்படும் சீதனம் கணவன், மனைவி இருவரின் பொதுச் சொத்து ஆகாது. அது மனைவிக்கு மட்டுமே உரியது. நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு. இதுதான் தீர்ப்பின் சாரம். திருமணத்திலிருந்து தீர்ப்பு வரை 21 ஆண்டுகள். நகை யாரிடம் போனது, எதற்காகப் போனது, எப்போது திரும்பும் என்று முதல் நாளே இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்திருந்தால், நிரூபிப்பதற்காக மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கும் பாடு பெருமளவு குறைந்திருக்கும்.

முதல் கூட்டம்: வரிசை மாறாமல்

1. நேரம் குறியுங்கள். இருவரும் சாப்பிட்டு முடித்த, விடுமுறை நாள் காலை நல்லது. சம்பள நாளும் வேண்டாம், வட்டி கட்டும் நாளும் வேண்டாம். மாமனார், மாமியார், பிள்ளைகள் முன்னால் முதல் கூட்டத்தை நடத்த வேண்டாம்.

2. தனித்தனியே எழுதுங்கள். பேசுவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் நான்கு தலைப்புகள்: வருவது, கட்டாயம் போவது, இருப்பது, கொடுக்க வேண்டியது. கைமாற்று, அடகு, சீட்டு, கடைப் பாக்கி எல்லாம் நான்காவது தலைப்பில் வரவேண்டும்.

3. தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் படிக்க மட்டும். அதுவரை கேள்வி கேட்கக் கூடாது. மறைந்திருந்த கடன் ஒன்று தெரியவந்தால் முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள்ள கட்டணும்?" என்பதுதான். "ஏன் சொல்லல?" என்ற கேள்விக்கும் பதில் கிடைக்க வேண்டும். ஆனால் அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடன் இருப்பதைச் சொன்ன அன்றே திட்டு வாங்கியவர் அடுத்த கடனைச் சொல்ல மாட்டார்.

4. நோட்டில் சேர்த்து எழுதுங்கள். இரண்டு தாள்களும் ஒரே பக்கமாக ஆகட்டும். அடியில் தேதி, இருவர் கையெழுத்து.

5. ஒரே ஒரு முடிவு எடுங்கள். வட்டி அதிகமான கடன் எது, அதை எந்த மாதத்துக்குள் அடைப்பது என்பது போதும். மற்றவை அடுத்த மாதம்.

குறிப்பு: கேரளத்தில் 1998 முதல் இயங்கும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் அயல்கூட்டங்களில், அதாவது அக்கம்பக்கக் குழுக்களில், பொதுவாக 10 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள். சேமிப்பும் கடன் தவணையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டு, அங்கேயே எழுதப்படுகின்றன. கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று என்பதால் யாரும் யாரையும் தனியாகக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. வீட்டிலும் நாள் குறித்துவிட்டால் கேட்பவருக்குத் தயக்கம் இருக்காது, சொல்பவருக்குக் கூச்சம் இருக்காது.

வாயில் வரும் சொல்

ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று சண்டையில் முடியும், மற்றொன்று ஒரு தொகையில் முடியும்.

- "உங்க அம்மாவுக்கு அனுப்ப மட்டும் பணம் எங்கேருந்து வருது?" என்பதற்குப் பதில்: "அம்மாவுக்கு மாசம் எவ்வளவு அனுப்பலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தொகை வச்சுக்கலாமாங்க?"
- "நீ எப்பவுமே ஊதாரி" என்பதற்குப் பதில்: "இந்த மாசம் துணிக்கு 4,000 ஆயிருக்கு. அடுத்த மாசம் எவ்வளவு வைக்கலாம், சொல்லு."
- "சம்பாதிக்கிறது நான்" என்பதற்கு மாற்றே இல்லை. அந்த வாக்கியத்தை வீட்டை விட்டே விலக்கி வையுங்கள்.

பேச்சில் 'எப்பவும்', 'ஒருநாளும்' ஆகிய சொற்கள் வந்தால் கணக்கு நின்று குணத்தைப் பற்றிய வழக்கு தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, எந்தத் தொகையில் பேச்சு திசை மாறியதோ அதற்குத் திரும்புங்கள். அதுவும் முடியவில்லையென்றால் கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளலாம்.

பொதுச் செலவில் யார் பங்கு எவ்வளவு?

பாதிக்குப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பாருங்கள். கணவர் வருமானம் 30,000, மனைவி வருமானம் 20,000, வாடகையும் மளிகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து 30,000. ஆளுக்கு 15,000 போட்டால் கணவர் கையில் 15,000 மிஞ்சும், மனைவி கையில் 5,000தான். வருமான விகிதப்படி 60:40 என்று பிரித்தால் கணவர் 18,000, மனைவி 12,000 போடுவார்கள். மிஞ்சுவது 12,000, 8,000.

1. இருவர் வருமானத்தையும் கூட்டி, ஒவ்வொருவரின் விகிதத்தைக் கணக்கிடுங்கள்.
2. பொதுச் செலவை அதே விகிதத்தில் பிரித்து, ஒரு பொதுக் கணக்கில் மாத முதல் வாரமே போட்டுவிடுங்கள்.
3. மிச்சத்திலிருந்து சேமிப்புக்கும் பெற்றோருக்கும் ஒதுக்குங்கள்.
4. ஆளுக்கொரு கைச்செலவுத் தொகை வையுங்கள். அதற்குக் கணக்கு கேட்கக் கூடாது. சினிமாவோ பூவோ புத்தகமோ, அது அவரவர் விருப்பம்.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் நான்காவது படி இன்னும் முக்கியம். சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பத்து ரூபாய்க்கும் கை நீட்டும் நிலை இருக்கவே கூடாது. சம்பாதிப்பவருக்கு எவ்வளவு கைச்செலவோ அதே தொகை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மாதந்தோறும் போய்ச் சேரட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: வீட்டுப் பணம் முழுவதையும் 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கில் வைப்பது. இந்த வகைக் கூட்டுக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் எடுக்கலாம். மாதச் செலவுக்கு மட்டும் கூட்டுக் கணக்கு, மற்றவற்றுக்குத் தனிக் கணக்கு என்று பிரிப்பது இருவருக்குமே பாதுகாப்பு. தனிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது நோட்டில் தெரிந்தால் போதும், ஏடிஎம் பின் எண் தெரிய வேண்டியதில்லை.

வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. கூட்டமாக நிற்கும் தொழிலாளர்களை நோக்கி உலோக வில்லைகள் வீசப்படும். பிடித்தவருக்கு அன்றைக்கு வேலை, பிடிக்காதவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சாப்பா ஒழிந்துவிட்டது. ஆனால் நாளைய வருமானம் தெரியாத நிலை ஆட்டோ ஓட்டுநருக்கும், உணவு டெலிவரி செய்பவருக்கும், தையல்காரருக்கும் இன்றும் இருக்கிறது.

பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள தோபி கானா என்ற சலவைக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழித்தோன்றல்கள் அங்கே வேலை செய்கிறார்கள். இப்போதுள்ள துவைக்கும் தொட்டிகளும் உலர்த்தும் களமும் 1976இல் அமைந்தவை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே தேவையில்லை. வெயில் இருந்தால் துணி காய்ந்து, இஸ்திரி ஆகி, கூலி வரும். ஜூன் மாத மழையில் எல்லாமே தாமதமாகும். இப்படிப்பட்ட வீட்டுக்கு மாதச் சம்பளக்காரரின் பட்ஜெட் பொருந்தாது. அதற்கான வரிசை இது:

1. கடந்த ஆறு மாத வருமானத்தை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 22,000, 18,500, 26,000, 15,000, 20,500, 24,000.
2. சராசரி 21,000. அதை மறந்துவிடுங்கள். மிகக் குறைந்த மாதமான 15,000க்குள் வாடகை, மளிகை, மின்சாரம், பள்ளி, மருந்து அடங்குகிறதா என்று பாருங்கள்.
3. அடங்கவில்லையென்றால் எந்தச் செலவைக் குறைப்பது என்று கையில் பணம் உள்ள மாதத்திலேயே முடிவெடுங்கள். பணம் இல்லாத மாதத்தில் எடுக்கும் முடிவு கோபத்தில் எடுத்ததாக இருக்கும்.
4. 15,000க்கு மேல் வருவதில் பாதி மழைக்கால நிதி, கால் பங்கு கடன் அடைப்பு, கால் பங்கு பண்டிகை, துணிமணி.
5. மழைக்கால நிதி மூன்று மாத அத்தியாவசியச் செலவைத் தொடும் வரை புதிய தவணைப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

நகை: பட்டியல், பில், படம்

மலையாளி வீடோ தமிழ் வீடோ, பெண்ணின் பெயரில் இருக்கும் பெரிய சொத்து பெரும்பாலும் நகைதான். வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விரும்பித் தரும் பரிசுகளுக்கு 1985ஆம் ஆண்டு விதிகள் ஒரு வழி வகுத்துள்ளன: என்ன பொருள், தோராய மதிப்பு, தந்தவர் பெயர், உறவு முறை ஆகியவற்றுடன் பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத ஆள் வைப்பவர்கள் இந்தப் பட்டியலை மறந்துவிடுகிறார்கள்.

1. ஒவ்வொரு நகையையும் எடை தெரியும்படி தராசில் வைத்துப் படம் எடுங்கள்.
2. பில் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்யூஐடி குறியீடு இருக்கும். அதைப் பட்டியலில் எழுதுங்கள்.
3. அடகு வைக்க நேர்ந்தால், வைப்பதா வேண்டாமா என்பதை நகைக்குரியவரே முடிவு செய்ய வேண்டும். எந்தத் தேவைக்கு, எவ்வளவுக்கு, யார் வருமானத்திலிருந்து எந்த மாதத்துக்குள் மீட்பது என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
4. வட்டி கட்டும் தேதியை இருவர் போனிலும் நினைவூட்டலாக வையுங்கள். தேதி தவறிய நகைதான் ஏலத்துக்குப் போகிறது.

திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்களும் இன்றைக்கே பட்டியல் எழுதலாம்.

சிட்டி, ஜாமீன், கைமாற்று

1969இல் தொடங்கிய கேரள அரசின் நிதி நிறுவனமான கேஎஸ்எஃப்இ நடத்தும் சிட்டிகளில், அதாவது ஏலச்சீட்டுகளில், கேரளத்தின் பல நடுத்தரக் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்து சேர வேண்டும். 40 பேர், 40 மாதம், மாதம் 2,500 என்றால் மொத்தம் ஒரு லட்சம். ஒருவர் 20,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 80,000 கிடைக்கும். அந்த 20,000இல் மொத்தத் தொகைக்கான 5 சதவீதக் கமிஷன் 5,000 போக, மிச்சம் 15,000ஐ 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 375. அந்த மாதத் தவணை 2,125 ஆகக் குறையும். ஏலம் எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும், அதற்கு ஜாமீனும் தர வேண்டும்.

பல உறவுகள் முறிவது இந்த ஜாமீனில்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் ஜாமீன் தருபவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன்காரரைத் துரத்திக் களைத்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

- கையெழுத்துப் போடுமுன், அந்த முழுத் தொகையையும் தானே கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் போட வேண்டாம்.
- துணைவருக்குத் தெரியாமல் எந்த ஜாமீனும் வேண்டாம்.
- மறுக்கும்போது காரணத்தை நீட்டாமல், தர முடிந்ததைச் சொல்லுங்கள்: "தம்பி, ஜாமீன் போடறதில்லன்னு நானும் அண்ணியும் முடிவு பண்ணிட்டோம். 10,000 தர்றேன். நீ திருப்பித் தரலேன்னாலும் கேக்க மாட்டேன்."
- கைமாற்று கொடுத்தாலும் வாங்கினாலும் தொகையையும் திருப்பும் தேதியையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

பாதுகாப்பு: இங்கே நில்லுங்கள்

தண்டலும் கந்துவட்டியும். 10,000 ரூபாய் கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கினால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். நூற்றுக்கு மாதம் 3 வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். கந்துவட்டிக் கும்பல்களுக்கு எதிராக 2014இல் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' நடத்த வேண்டிய அளவுக்கு அங்கே நிலைமை முற்றியிருந்தது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையோ வெற்று முத்திரைத்தாளோ யாருக்கும் தராதீர்கள். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து போங்கள்.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமை. சம்பளத்தைப் பிடுங்குவது, ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் மறுப்பது, நகையை விற்பது போன்றவை கணக்கு நோட்டால் தீராது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே பார்க்கிறது. அடி விழும் என்ற அச்சம் இருக்கும் வீட்டில் கூட்டம் போட முயல வேண்டாம். அடையாள ஆவணங்கள், பாஸ்புக், நகைப் பட்டியல் ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் வைத்துவிட்டு, 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. உடனடி ஆபத்துக்கு 112.

இணைய மோசடி. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930 எண்ணை அழையுங்கள். துணைவர் திட்டுவாரே என்று மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். "ஏமாந்தா உடனே சொல்லலாம், திட்டு கிடையாது" என்று இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மாதக் கூட்டத்துக்கான பட்டியல்

1. போன மாத முடிவு நிறைவேறியதா?
2. ஒவ்வொரு கடனிலும் இன்றைய பாக்கி எவ்வளவு?
3. அடகு, சிட்டி, இன்சூரன்ஸ் தேதிகளில் இந்த மாதம் வருவது எது?
4. உறவினர்களுக்கு வந்ததும் போனதும்.
5. இந்த மாதத்துக்கான ஒரே முடிவு.

இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வேலைகள். முதலாவது, இருவரும் தத்தமது கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஓர் அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். பழைய ஜாமீன்கள்கூட அதில் தெரியவரலாம். இரண்டாவது, வங்கிக் கணக்குகளின் நாமினி நியமனத்தைச் சரிபார்ப்பது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள முடியும், ஆனால் அதில் யாருக்கு உரிமை என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும். திருமணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னும் தந்தையின் பெயர் மட்டும் இருந்தால், அதை மாற்றுவதே அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக இருக்கட்டும்.